முல்லைத்தீவு ஆழத்தில் கிடைத்த கூம்பு நத்தை: புது இனமா?

அளம்பில்_அலை
முல்லைத்தீவுக்குக் கிழக்கே, 70 பாகத் தண்ணியில் (ஏறத்தாழ 130 மீற்றர்) அடியில் விட்ட வலையில் சிக்கி வந்த ஓடு இது. மாமா கொண்டுவந்து தந்தவர். நான்கு பக்கத்தாலும் எடுத்த படங்கள் போட்டிருக்கிறேன். நீளம் 9 சென்ரிமீற்றர். முனைச் சுருள் உயரமாக, ஒவ்வொரு சுற்றும் படிப்படியாக ஏறுகிறது. தோள் விளிம்பு கூர்மை. வெள்ளை நிலத்தில் கபிலக் கோடுகள் சின்னச் சின்ன முக்கோணங்களாகப் பின்னிக் கிடக்கின்றன. நடுவில் இரண்டு பட்டை, அதுவும் துண்டு துண்டாக. நான் பார்த்த எந்தப் படத்திலும் பட்டை இப்படி உடைந்து இல்லை. என் முடிவு: இது பெயரிடப்படாத இனம். பெயரில் முல்லைத்தீவு வரவேண்டும்.

நெளுக்குளம்_விலங்கியல்
பிள்ளை, ஆர்வம் நல்லது, முடிவு அவசரம். முக்கோண வலைப்பின்னல், உயர்ந்த சுருள், ஆழமான தண்ணீர் என்று மூன்றும் சேர்ந்தால் எங்கள் கடலில் முதலில் நினைவுக்கு வரவேண்டியது கோனஸ் மில்னேட்வர்ட்சி. கோனஸ் என்பது கூம்பு நத்தைகளின் பேரினப் பெயர். ஜூசோம் 1894இல் பெயரிட்டது. செங்கடலில் இருந்து ஆபிரிக்கக் கரை, இந்தியா, இலங்கை வரை உண்டு. படிபோல் ஏறும் சுருள்தான் அதன் அடையாளம். அடுத்து கோனஸ் பெங்காலென்சிஸ். ஒக்குத்தானி 1968இல் விபரித்தது, வங்கக் கடலுக்குரியது. அதில் சுருள் படியாக ஏறாது, சீராகச் சரியும். உங்கள் படத்தில் படி தெளிவாகத் தெரிகிறது. ஆகவே நான் மில்னேட்வர்ட்சி என்பேன்.

இன்னொன்று. 1899இல் மெல்வில், ஸ்டான்டன் இருவரும் அரபிக்கடலில் கிடைத்த ஓட்டுக்கு கோனஸ் கிளைட்டோஸ்பைரா என்று புதுப்பெயர் வைத்தார்கள். இன்று அதையும் மில்னேட்வர்ட்சியின் கீழ் வைத்துத்தான் பேசுகிறார்கள். உங்களுக்கு முன்பே இந்த வழியில் போனவர்கள் இருக்கிறார்கள்.

பேசாலைச்_சிப்பி
இதே மாதிரி ஒன்று என்னிடமும் இருக்கிறது. மன்னார்த் தீவின் பேசாலையில், இழுவைமடி (கடல் அடியை வாரி இழுக்கும் வலை) கொண்டுவந்த கழிவுக்குள் இருந்து எடுத்தது. லின்னேயஸ் 1758இல் கோனஸ் என்று பெயர் வைத்தபோது ஓட்டை மட்டும் பார்த்துத்தான் வைத்தார். இருநூறு வருடத்துக்கு மேலாகச் சேகரிப்பாளர்கள் ஓட்டை வைத்தே இனம் பிரித்திருக்கிறார்கள். இப்ப மட்டும் ஏன் போதாது? அதோட கோனஸ் என்று எழுதுவதே பழசு. 2009இல் டக்கரும் டெனோரியோவும் அந்தப் பேரினத்தைப் பல பத்தாகப் பிரித்துவிட்டார்கள்.

நெளுக்குளம்_விலங்கியல்
பாக்கு நீரிணையின் ஆழம் 15 மீற்றரைத் தாண்டுவதே அரிது. 130 மீற்றரில் வாழும் நத்தை பேசாலைக்கு வடக்கே எப்படி வந்தது? அந்தப் படகு எங்கெல்லாம் மடி இழுத்தது என்று யாருக்கும் தெரியாது. இடம் தெரியாத ஓடு அலுமாரிக்கு அழகு, ஆய்வுக்கு அதைக் கணக்கில் எடுக்க முடியாது. இழுவைமடி 2017இல் இருந்து இங்கே சட்டப்படி தடை. அதில் வரும் சிப்பியை வாங்குவது அந்தத் தொழிலுக்குக் கைகொடுப்பது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பேரினம் பற்றி: 2014, 2015இல் புயலாந்தரும் மற்றவர்களும் மரபணு ஒப்பீட்டில் பார்த்தபோது, ஓட்டை வைத்துப் பிரித்த பல பேரினங்கள் நிலைக்கவில்லை. பெரும்பாலானவை திரும்பவும் கோனஸுக்குள் உப பேரினங்களாகத்தான் வந்தன. கோனஸ்பிரெல்லா, புரொபண்டிகோனஸ், கலிபோர்னிகோனஸ் போன்ற சிலதான் தனியே நிற்கின்றன. ஓடு ஏமாற்றும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அளம்பில்_அலை
சேர், ஓடு ஏமாற்றும் என்றால் இரண்டு பக்கமும் ஏமாற்றும்தானே? ஓடு ஒத்திருக்கிறது என்று நீங்கள் மில்னேட்வர்ட்சிக்குள் போடுகிறீர்கள். ஒத்த ஓட்டுக்குள் இரண்டு இனம் இருக்கலாம். அட்லாண்டிக்கில் கேப் வேர்ட் தீவுகளைப் பாருங்கள். அங்கே பல கூம்பு நத்தைகளின் குஞ்சுகள் நீரில் மிதந்து தூரம் போவதில்லை, முட்டையிட்ட இடத்துக்கு அருகிலேயே தங்கிவிடுகின்றன. அதனால் ஒரு தீவுக்கு, சில இடங்களில் ஒரு குடாவுக்கு மட்டுமே உரிய இனங்கள் உருவாகியிருக்கின்றன. எங்கள் கரையில் அப்படி நடந்திருக்காது என்று யார் தேடிப் பார்த்தது? 1902இல் கடல் உயிரியலாளர்கள் ஹேர்ட்மனும் ஹோர்னெலும் வந்து மன்னார் முத்துப் பார்களைத்தான் விரிவாக ஆராய்ந்தார்கள். கிழக்குப் பக்க ஆழத்துக்கு, அதுவும் போர் நடந்த முப்பது வருடத்தில், எந்த ஆய்வாளர் வந்து வலை போட்டார்? இல்லை என்று சொல்ல முதலில் தேடியிருக்க வேண்டும்.

நெளுக்குளம்_விலங்கியல்
தேடவில்லை என்பது உண்மை. அந்த வாதத்தை ஏற்கிறேன். ஆனால் கேப் வேர்டை இழுத்தால் அதற்குரிய சாட்சியையும் காட்ட வேண்டும். குஞ்சு மிதந்ததா இல்லையா என்பது சுருளின் உச்சியிலுள்ள கருவோட்டில் (குஞ்சாக இருந்தபோது உருவான முதல் ஓடு) எழுதியிருக்கும். ஒன்றரைச் சுற்று, பெரிய குமிழ் என்றால் மிதக்காதது. சின்னதாய் மூன்று நான்கு சுற்று என்றால் நீரில் பல நாள் மிதந்து இரை தின்று வளர்ந்தது. உங்கள் மூன்றாவது படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். உச்சி தேய்ந்து போய்விட்டது, கருவோடு இல்லை.

கடைசிச் சுற்றில் உதட்டுக்கு (ஓட்டு வாயின் வெளி விளிம்பு) ஒரு விரல் முன்னால் மேலிருந்து கீழே ஒரு தழும்பு ஓடுகிறதே, கவனித்தீர்களா? நண்டு ஏதோ உதட்டை உடைத்திருக்கிறது, நத்தை திரும்பக் கட்டியிருக்கிறது. தழும்புக்கு முன்னால் முக்கோணங்கள் நெருக்கம், பின்னால் அகலம். பட்டை உடைந்து தெரிவதும் அதற்குப் பின்னால்தான் கூட. ஒரே உயிர், ஒரே ஓடு, இரண்டு விதக் கோலம். இந்தக் கோலத்தை நம்பியா புதுப்பெயர் வைப்பது?

ஓட்டுக்குள் நத்தை இருந்ததா?

அளம்பில்_அலை
இல்லை. துறவி நண்டு இருந்தது. தழும்புக்கு முன்னாலும் கீழ்ப்பட்டை இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது சேர், ஐந்தாவது படத்தைப் பாருங்கள்.

கள்ளப்பாடு_தொழிலாளி
தங்கச்சி, 70 பாகம் எண்டு மாமா சொன்னது விட்ட கயிற்றின்ர கணக்கு. நீரோட்டம் இழுத்தா கயிறு சரிஞ்சுதான் நிக்கும், தண்ணி அவ்வளவு இருக்காது. வாடை நேரம் எண்டா இன்னும் மோசம். அதோட நண்டு புகுந்த ஓடு நண்டு நடந்த இடமெல்லாம் போகும். சேர் சொல்லுறதில ஞாயம் இருக்கு.

ஆனா ஒண்டு. நாங்கள் வலை தட்டேக்க இப்பிடி எத்தினையோ உயிரோட வந்திருக்கு, எல்லாம் கடலுக்கே போயிட்டுது. ஒருத்தரும் வந்து கேக்கேல்ல. தேவையெண்டா அடுத்த முறை எடுத்து வைக்கிறம், ஜிபிஎஸ் இடமும் குறிச்சுத் தாறம்.

நெளுக்குளம்_விலங்கியல்
தம்பி, இந்த இழையிலேயே பெறுமதியான பேச்சு அதுதான். ஆனால் வெறுங்கையால் தொடவேண்டாம், சாரத்து மடிக்குள் போடவேண்டாம். கூம்பு நத்தையின் பல் உள்ளீடற்ற ஈட்டி, அதன் வழியாக நஞ்சு ஏற்றும். அகன்ற பக்கத்தைப் பிடித்தால் தப்பலாம் என்பது பொய், அதன் துதிக்கை ஓட்டின் எந்தப் பக்கத்துக்கும் எட்டும். கோனஸ் ஜியோகிராபஸ் குத்தி மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். மாற்று மருந்து கிடையாது. மூச்சுத் தசை செயலிழக்கும், நஞ்சு இறங்கும்வரை செயற்கைச் சுவாசம் கொடுப்பது மட்டும்தான் வழி. நீண்ட இடுக்கியால் எடுத்து, மூடியுள்ள வாளியில் கடல் தண்ணீரோடு வையுங்கள்.

உயிரோடு கிடைத்தால் போர்மலினில் போடாதீர்கள், மரபணு கெட்டுவிடும். 95 வீத எதனோல். அந்தப் பல்லும் எங்களுக்கு வேண்டும். புழு தின்பது, மீன் தின்பது, வேறு நத்தை தின்பது என்று உணவுக்கு ஏற்பப் பல்லின் வடிவம் மாறும், இனம் பிரிக்க அதுவும் உதவும்.

பேசாலைச்_சிப்பி
உயிரோடு உள்ளதை எதனோலில் போட்டால் உள்ளே இழுத்து வாயை மூடிக்கொள்ளும், மருந்து இறங்காது. ஓட்டை உடைக்க வேண்டும். நல்ல மில்னேட்வர்ட்சி ஒன்றுக்கு வெளிநாட்டில் என்ன விலை என்று தெரியுமா? இந்தியாவில் 2001இல் இருந்து பாதுகாக்கப்பட்ட இனம். அப்படிப்பட்டதைச் சுத்தியலால் அடிப்பீர்களா?

அளம்பில்_அலை
தேவையென்றால் அடிப்பேன் அண்ணை. விலைக்கு விற்ற ஓடு ஒருவர் வீட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விடும், பிறகு யாரும் ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. உடைந்த ஓடும் உள்ளிருந்த உடலும் ஒரே இலக்கத்தோடு ஒரு நூதனசாலையில் இருந்தால், ஐம்பது வருடம் கழித்தும் ஒருவர் வந்து நான் சொன்னது சரியா பிழையா என்று பார்க்கலாம்.

நெளுக்குளம்_விலங்கியல்
உடைக்கத் தேவையில்லை. மைக்ரோவேவில் சில விநாடி வைத்தால் தசை ஓட்டை விட்டுக் கழன்றுவிடும், உடல் முழுதாக வெளியே வரும். ஓட்டுக்கும் சேதமில்லை, மரபணுவும் வாசிக்கக்கூடியதாக இருக்கும். ஆழ்கடல் நத்தை ஆய்வில் இந்த முறை வழக்கத்துக்கு வந்துவிட்டது.

அதுவரை உங்கள் ஓட்டுக்குச் சீட்டு எழுதுங்கள். நான் என்றால் "கோனஸ் மில்னேட்வர்ட்சி" என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போடுவேன்.

அளம்பில்_அலை
நான் "கோனஸ், இனம் தீர்மானிக்கப்படவில்லை" என்றுதான் எழுதுவேன் சேர். பெயரை எழுதிவிட்டால் பிறகு யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், கேள்விக்குறி அடுத்த பிரதியிலேயே காணாமல் போகும். புதுப்பெயர் பற்றி உயிருள்ள நத்தை கிடைக்கும்வரை பேசவில்லை. கிடைத்து, அது புது இனமென்று தெரிந்தால், பெயர் தாங்கும் மாதிரி (புதுப்பெயருக்கு ஆதாரமாக வைக்கும் அந்த ஓடும் உடலும்) இலங்கையில்தான் இருக்க வேண்டும். இழையத்தை மட்டும் அனுமதி எடுத்து வெளியே அனுப்பலாம்.

கள்ளப்பாடு_தொழிலாளி
வாடை அடங்கட்டும், தை கழியப் போவம். இடுக்கியும் மூடி வாளியும் நான் பாக்கிறன். அந்த எதனோல் எங்க வாங்கலாம் எண்டு சேர் சொல்லுங்கோ.