ஒற்றைக் குறியுடன் நிற்கும் செய்தி எங்கே காத்திருக்கிறது?

கேள்வி:
நேற்றிரவு செய்திச் செயலியில் நான் அனுப்பிய செய்தி வெகுநேரம் ஒற்றைக் குறியுடனேயே நின்றது. காலையில்தான் இரண்டாவது குறி விழுந்தது. இடைப்பட்ட நேரத்தில் அது எங்கே இருந்தது? எஸ்எம்எஸ்ஸும் இப்படித்தான் செல்கிறதா?

பதில் 1:
ஒற்றைக் குறி என்றால், செய்தி செயலி நிறுவனத்தின் சர்வரை அடைந்துவிட்டது என்று பொருள். பெறுநரின் கைப்பேசி அணைந்திருந்தாலோ இணைய இணைப்பு இல்லாதிருந்தாலோ, அது அங்கேயே காத்திருக்கும். வாட்ஸ்அப் 30 நாட்கள் வரை வைத்திருந்து, அதன்பின் நீக்கிவிடுகிறது. இணைப்பு கிடைத்ததும், ஆப்பிள் அல்லது கூகுளின் அறிவிப்புச் சேவை உறங்கும் செயலியைத் தட்டியெழுப்ப, அது செய்தியை இறக்கிக்கொண்டு சர்வருக்கு ஓர் ஒப்புகை அனுப்புகிறது. அந்த ஒப்புகைதான் உங்கள் திரையில் இரண்டாவது குறியாகிறது.

கேட்டவர்:
நன்றி. அவ்வாறு காத்திருக்கும்போது நிறுவனத்தார் அதைப் படிக்க இயலுமா?

பதில் 2:
வாட்ஸ்அப், சிக்னல் போன்றவற்றில் இயலாது. செய்தி உங்கள் கைப்பேசியிலேயே பிறர் படிக்க இயலாதபடி மறையாக்கம் செய்யப்படுகிறது. அதைத் திறக்கும் சாவி பெறுநரின் கருவியில் மட்டுமே உள்ளது. டெலிகிராமின் வழக்கமான உரையாடல்களுக்கு இப்பாதுகாப்பு இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வாட்ஸ்அப்பில் யார் யாருக்கு எப்போது அனுப்பினார் என்பது சர்வருக்குத் தெரியும். என் கவலை அதுதான்.

பதில் 3:
எஸ்எம்எஸ்ஸும் ஒரு மையத்தில் காத்திருந்தே செல்கிறது, ஆனால் இணையம் வழியாக அல்ல. அழைப்புகளை இணைக்கத் தொலைபேசி வலையமைப்பு பயன்படுத்தும் சமிக்ஞைத் தடத்தில். அங்கே இடம் குறைவு. ஆகவேதான் ஆங்கிலத்தில் 160 எழுத்துகள் என்ற வரம்பு. தமிழில் 70 குறியீடுகளே. அதிலும் ‘வணக்கம்’ என்னும் ஐந்தெழுத்துச் சொல், புள்ளிகள் தனியே எண்ணப்படுவதால், ஏழு இடங்களைப் பிடித்துக்கொள்ளும்!