புதுப்பிப்பு: மொட்டை மாடித் தூசியில் விண்துகள் தேடல்

வேறெதையோ தேடப்போய் இணையத்தில் எதிர்ப்பட்ட ஒரு பொழுதுபோக்கைப் பற்றி, அதாவது விண்ணிலிருந்து விழும் நுண்துகள்களைக் கூரைத் தூசியிலிருந்து பிரித்தெடுப்பதைப் பற்றி, மூன்று மாதங்களுக்கு முன் எழுதியிருந்தேன். செய்து பார்த்துச் சொல்லும்படி கேட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நகரத் தூசியில் இவற்றைக் கண்டறிய இயலாது என்றே அறிவியலாளர்கள் நெடுங்காலம் கருதினர். நார்வேயின் ஜாஸ் இசைக்கலைஞர் யோன் லார்சன் 2009இல் தொடங்கிய தேடலே அதை மாற்றியது. ஆஸ்லோ, பாரிஸ், பெர்லின் கூரைகளில் திரட்டிய 300 கிலோ வண்டலிலிருந்து அவரும் இம்பீரியல் கல்லூரி அறிவியலாளர்களும் 500 துகள்களைப் பிரித்தெடுத்து, 2017இல் ஆய்விதழில் வெளியிட்டனர். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர்தான்.

நான் எங்கள் மொட்டை மாடியின் மழைநீர்க் குழாய் வாயில் படிந்திருந்த இரண்டு கிலோ வண்டலைக் கழுவி, உலர்த்தி, சலித்து, நெகிழிப் பையில் சுற்றிய காந்தத்தால் வாரியெடுத்து, நுண்ணோக்கியில் பார்த்தேன். உருண்டைகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. முதல் நாள் அடைந்த மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது. ஆனால் வழுவழுப்பாகப் பளபளத்தவை பெரும்பாலும் வெல்டிங் பொறிகள் குளிர்ந்து உறைந்தவை. பட்டாசும் இத்தகைய உருண்டைகளை விட்டுச்செல்கிறது.

ஒன்றே ஒன்றின் மேற்பரப்பில் மட்டும், விண்துகள்களுக்குரிய இணைகோட்டுப் படிக வரிகள் தெரிகின்றன. வேதியியல் பகுப்பாய்வு செய்யாமல் அதை உறுதிப்படுத்த முடியாது என்பதால், கண்ணாடித் தகட்டில் ஒட்டிப் பத்திரப்படுத்தியுள்ளேன். அடுத்த மழைக்குப் பின் மீண்டும் வண்டல் சேகரிப்பேன்.