மலையிறக்கத்தில் தசை செய்யும் வேலைக்கு என்ன பெயர்?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

பயிற்சியை விட்டிருந்துவிட்டு மறுபடி மலையேறத் தயாராகிறவர்களுக்குக் குறிப்பேடு ஒன்று எழுதுகிறோம். ‘எக்சென்ட்ரிக் கான்ட்ராக்‌ஷன்’ என்ற இடத்தில் பேனா நிற்கிறது. இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. அதைச் ‘சுருக்கம்’ என்று எழுத மனம் வரவில்லை. ‘நீள்விசை’ சரியாக வருமா?
– காரைக்குடியிலிருந்து

அண்ணே, ‘நீள்விசை’ வேண்டாம். உடற்பயிற்சிக்காரர்கள் ‘நீட்சி’ என்றாலே தசையை இழுத்துவிடுவதைத்தான் நினைப்பார்கள். இங்கே நடப்பது பிடித்துப் பிடித்து விடுவது. கிணற்றில் நிறைகுடத்தை இறக்கும்போது கயிற்றைக் கை விடுகிற மாதிரி. ‘தாங்கிறக்கம்’ என்று வைக்கலாம். தாங்கிறக்கப் பயிற்சி, தாங்கிறக்க வலி என்று சேர்த்தும் எழுத வருகிறது.

குறிப்பேட்டில் இதற்குத் தனிப் பக்கமே கொடுங்கள். திரும்பி வருகிறவர்களுக்கு மூச்சு சில வாரங்களில் கூடிவிடும், ஏறிவிடுவார்கள். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்கள் அவ்வளவு சீக்கிரம் பழகுவதில்லை. நம் பக்கம் தரை சமம் என்பதால் நடைப்பயிற்சியில் தொடைக்கு இறக்க வேலையே கிடைப்பதில்லை. வெள்ளியங்கிரிக்குப் போய்வந்தவர் மறுநாளைவிட அதற்கடுத்த நாள் மாடிப்படி இறங்கத் தவிப்பது இதனால்தான். அந்த வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். லாக்டிக் அமிலம் தேங்கியதால் வருவதல்ல. தசையிழைகளில் உண்டான நுண்சேதம்.

செய்முறை: 20 செ.மீ. படி போதும், வீட்டு வளவுப் படியே ஆகும். ஒற்றைக் காலில் நின்று, மறு காலின் குதிகால் தரையைத் தொடும்வரை 3 விநாடி எடுத்து இறங்கவேண்டும். காலுக்கு 8 தடவை. முதல் வாரம் 2 சுற்று, பிறகு 3. வாரத்துக்கு இரண்டு நாள், நடுவில் 48 மணி நேர ஓய்வு. முட்டி உள்பக்கம் சாய்ந்தால் படி உயரத்தை 10 செ.மீ. ஆக்குங்கள். சாய்ந்தபடியே எண்ணிக்கையைக் கூட்டுவதுதான் முட்டிவலியை வரவழைக்கும். முதுகுச்சுமை மூன்றாம் வாரத்துக்குப் பிறகு, 5 கிலோவில் தொடங்கலாம்.
– தேவகோட்டையிலிருந்து

தம்பி சொல்வது மலைக்குப் பொருந்துகிறது. ஓட்டத்தில் பொருந்தாது: கால் முன்னே வீசும்போது பின்தொடைத் தசை நீண்டபடியே வேகத்தைத் தடுக்கிறது, அங்கே எதுவும் கீழே இறங்குவதில்லை. பொதுச்சொல்லுக்கு ‘நீள்தாங்கல்’ என்று வைத்து, மலையிறக்கத்துக்கு மட்டும் ‘தாங்கிறக்கம்’ எழுதினால் இரண்டும் நிற்கும்.

இன்னொன்று சேர்க்கவேண்டும். ஒரு தடவை இப்படி உழைத்த தசைக்குச் சில வாரம் வரை பாதுகாப்பு இருக்கும். இரண்டாம் தடவை வலி நன்றாகக் குறையும். ஆகவே மலைக்குப் போக 10 நாள் முன்னதாகக் கடைசிக் கடும் பயிற்சியை முடிக்கச் சொல்லுங்கள். அதற்குக் குன்றக்குடிப் படி நல்ல இடம். வெயில் ஏறுமுன் போகவேண்டும். கணக்கு எளிது: 20 செ.மீ. படியில் 300 மீட்டர் இறக்கம் என்றால் 1,500 படி.
– ஆச்சி, கோனாபட்டு

ஆச்சி, ‘நீள்தாங்கல்’ பொதுச்சொல், ‘தாங்கிறக்கம்’ மலைச்சொல் என்றே அச்சுக்குத் தருகிறோம். ஊன்றிக்கொள்ளும் மூங்கில் கம்பைப் பற்றியும் அதே பக்கத்தில் ஒரு வரி வருகிறது: பயிற்சியில் வேண்டாம், மலையில் இறங்கும்போது கட்டாயம்.
– காரைக்குடியிலிருந்து