கதிரையை விட்டு எழும்பினால் திரை அணைகிறது, இப்படி நடக்குமா?

உப்புவெளி_வாணி:
வணக்கம். திருகோணமலை நகரத்தில், கடலை ஒட்டிய ஒரு கந்தோரில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். இரண்டு கிழமையாக என் மொனிட்டர் இடைக்கிடை கறுத்துப் போய், இரண்டு மூன்று செக்கனில் திரும்ப வருகிறது. கணினி நிற்பதில்லை. திறந்து வைத்த வேலை அப்படியே இருக்கும்.

எங்கள் கணினிகளைப் பார்க்கிறவர் கொழும்பிலிருந்து போனில் கேட்டுவிட்டு, "கூட்டுற அம்மா பிளக்கை ஆட்டியிருப்பா" என்றார். கூடவே ஒரு ஆஸ்பத்திரிக் கதையும் சொன்னார். ஒரே கட்டிலில் வெள்ளிக்கிழமை தோறும் நோயாளி இறப்பாராம். துப்புரவு செய்கிறவர் உயிர்காக்கும் இயந்திரத்தின் பிளக்கைக் கழற்றிவிட்டுத் தன் மெஷினைச் செருகியதுதான் காரணமாம். அதைக் கேட்ட மேலாளர், அந்த அம்மா இனி என் அறைக்குள் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். அவர் காலை ஏழு மணிக்கே கூட்டிவிட்டுப் போகிறவர். திரை போவது பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும். எனக்கு மனம் கேட்கவில்லை.

நான் கவனித்தது ஒன்றுதான்: தேநீருக்குக் கதிரையை விட்டு எழும்பும்போதுதான் பெரும்பாலும் போகிறது. சொன்னால் சிரிக்கிறார்கள்.

நிலாவெளி_ரிப்பேர்:
நான் சிரிக்க மாட்டேன் தங்கச்சி. கதிரை உயர்த்தி இறக்கும் காஸ் கதிரையா? ஏசி அறையா? மொனிட்டருக்குப் போகும் வயர் எது, எவ்வளவு நீளம்? பவர் பிளக்கில் எர்த் இருக்கிறதா, அல்லது மூன்று கால் பிளக்கை இரண்டு கால் அடப்டரில் செருகியிருக்கிறீர்களா?

முதலில் வயரின் இரண்டு முனையையும் கழற்றிப் பாருங்கள். கடற்கரைப் பக்கம் உப்புக் காற்றில் முனைகள் பச்சை பிடித்துப் போவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். துடைத்து, இறுக்கிச் செருகினாலே பாதிப் பிரச்சினை போய்விடும்.

கிண்ணியா_வாசகன்:
அந்த ஆஸ்பத்திரிக் கதை உண்மை இல்லை. 1996இல் தென்னாபிரிக்கப் பத்திரிகை ஒன்றில் வந்து, மின்னஞ்சலில் உலகம் சுற்றியது. விசாரித்தபோது அப்படி இறந்த ஒரு நோயாளியைக்கூட யாராலும் காட்ட முடியவில்லை. ஒரு மனிசியின் வேலைக்குக் கை வைக்க இதை ஆதாரமாக எடுப்பது பெரிய அநியாயம்.

ஆனால் நம்ப முடியாததெல்லாம் பொய்யும் இல்லை. 2009இல் உபுண்டு என்ற கணினி இயங்குதளத்தைப் பாவித்தவர்களிடமிருந்து ஒரு முறைப்பாடு வந்தது: செவ்வாய்க்கிழமைகளில் பிரிண்டர் வேலை செய்யவில்லை! முறையிட்டது ஒருவரின் மனைவி. தேடிப் பார்த்தால் அவர் சொன்னது சரி. அச்சுக்குப் போகும் கோப்பில் திகதி இருக்கும். கோப்பின் வகையைக் கண்டுபிடிக்கும் நிரல், குறிப்பிட்ட ஒரு இடத்தில் செவ்வாயைக் குறிக்கும் மூன்று ஆங்கில எழுத்துகளைக் கண்டால், அதை எர்லாங் என்ற நிரல்மொழியின் கோப்பு என்று நினைத்துக்கொண்டது. அதனால் அச்சு வரவில்லை.

இன்னொன்று, 500 மைலுக்கு அப்பால் போகாத மின்னஞ்சல். அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 1990களில் கணினி நிர்வாகியாக இருந்த ட்ரே ஹாரிஸ் 2002இல் எழுதியது. சலிப்பான சில விவரங்களை மாற்றியதாக அவரே சொல்லியிருக்கிறார். புள்ளிவிவரத் துறைத் தலைவர் வந்து, "500 மைலுக்கு மேல் மெயில் போகுதில்லை" என்றாராம். மென்பொருள் மாறியதில், மறுமுனைக்குக் காத்திருக்கும் நேரம் பூச்சியமாகப் பதிவாகிவிட்டது. நடைமுறையில் அது சுமார் 3 மில்லிசெக்கன். அந்த நேரத்தில் ஒளி 900 கிலோமீற்றர், அதாவது 560 மைல் அளவே போகும். அதற்கு அப்பால் உள்ள கணினியோடு தொடர்பு கிடைக்குமுன் நேரம் முடிந்து, மெயில் நின்றுவிடும். நம்ம திருகோணமலையில் அப்படி நடந்திருந்தால் சென்னைக்கு மெயில் போயிருக்கும், ஹைதராபாத்துக்குப் போயிருக்காது.

உங்கள் கதிரைக்கும் பதில் இருக்கிறது. கணினியோடு மொனிட்டர்களை இணைக்கும் தொழில்நுட்பம் செய்கிற டிஸ்பிளேலிங்க் நிறுவனமே தன் உதவிக் குறிப்பில் எழுதியிருக்கிறது: காஸ் கதிரையில் உட்காரும்போதும் எழும்பும்போதும் ஒரு மின்காந்த அதிர்வு உண்டாகலாம். படம் போகும் வயர் அதை வாங்கிக்கொண்டால், மொனிட்டர் ஒத்திசைவை இழந்து கறுத்துப் போகும். நீங்கள் சொல்கிற மாதிரியே தான்.

உப்புவெளி_வாணி:
அண்ணா, வாசித்துவிட்டு அழுகையே வந்துவிட்டது. காஸ் கதிரைதான். போன மாதம் புதிதாக வந்தது. ஏசி அறை. மொனிட்டருக்குப் படம் போகும் எச்டிஎம்ஐ வயர் மெல்லியது, மூன்று மீற்றர் இருக்கும், மிச்சம் சுருட்டிக் கதிரைக் காலுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. எர்த் சரியாக இருக்கிறது. முனைகளைத் துடைத்தும் மாற்றமில்லை.

நிலாவெளி_ரிப்பேர்:
சரி, அப்போ ஆளுக்கு முன்னால் செய்து காட்ட வேண்டும். பத்துத் தரம் சட்டென்று எழும்புங்கள், பத்துத் தரம் மெதுவாக. பிறகு அதே மேசையில் மரக் கதிரை போட்டு இன்னும் பத்து. ஒவ்வொன்றையும் எழுதி வையுங்கள். பக்கத்தில் ஒருவர் நின்று எண்ணட்டும், இல்லாவிட்டால் நம்ப மாட்டார்கள்.

உப்புவெளி_வாணி:
செய்தேன். காஸ் கதிரையில் சட்டென்று எழும்பியபோது பத்துக்கு ஆறு தரம் போனது. மெதுவாக எழும்பியபோது ஒன்று. மரக் கதிரையில் ஒன்றுமே இல்லை. எண்ணியது மேலாளர்தான். நாலாவது தரமே அவர் முகம் மாறிவிட்டது.

நிலாவெளி_ரிப்பேர்:
இனி கதிரையை மாற்றத் தேவையில்லை. ஒன்றரை மீற்றரில், வெளி மின்காந்தத்தைத் தடுக்கும் நல்ல உலோக உறை உள்ளே உள்ள தடித்த வயர் வாங்குங்கள். நுனிக்குப் பக்கத்தில் உருளையாக ஃபெரைட் (இரைச்சலைக் குறைக்கும் காந்தப் பொருள்) இருந்தால் இன்னும் நல்லது. மேசைக்குப் பின்பக்கமாகக் கட்டிவிடுங்கள், கதிரைப் பக்கம் தொங்கவே கூடாது.

உப்புவெளி_வாணி:
மாற்றி மூன்று நாள். இருபது தரம் எழும்பிப் பார்த்தேன், ஒருக்காலும் போகவில்லை. மேலாளர் அந்த அம்மாவைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்டார். இன்று காலை நான் வந்தபோது என் அறை கூட்டிக் கிடந்தது.

நிலாவெளி_ரிப்பேர்:
மெத்த சந்தோசம். பழைய வயரை எறிய வேண்டாம் தங்கச்சி. இந்தப் பக்கம் வந்தால் கொண்டு வாருங்கள், வெட்டி உள்ளே உறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.