சூட்டில் அணைந்துபோன கணினிகள்: வீட்டிலேயே சரிசெய்த அனுபவங்கள்

திருச்சியிலிருந்து:

எங்கள் வீட்டில் இருப்பது இன்டெலின் நான்காம் தலைமுறை ஐ5 பிராசசர் (கணினியின் மூளையான சில்லு) போட்ட பழைய கணினி. என் கணக்கு வேலைக்கும் மகளின் படிப்புக்கும் அது தாராளம். கத்தரி வெயில் தொடங்கியதும் முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. பெரிய எக்செல் கோப்பு எதையாவது திறந்தால் ஃபேன் இரையும், மவுஸ் நகர மறுக்கும், சற்று நேரத்தில் பொட்டென்று அணைந்துவிடும். உடனே பொத்தானை அழுத்தினால் எழுந்து மறுபடி படுத்துக்கொள்ளும். ஆறப்போட்டுவிட்டு வந்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும்.

கடைக்காரர் திறந்துகூடப் பார்க்காமல், "மதர்போர்டு போய்விட்டது சார், புதியதாகவே எடுத்துவிடுங்கள்" என்றார். பிராசசர் முதல் எல்லாப் பாகங்களும் பொருத்தப்பட்டிருக்கும் தாய்ப்பலகையைத்தான் அப்படிச் சொன்னார். ஆறினால் ஓடுகிற மதர்போர்டு எப்படிப் போனதாகும்? பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே திரும்பிவிட்டேன்.

முதலில் பயாஸில், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கக்கூடிய கணினியின் அமைப்புத் திரையில், வெப்பநிலை காட்டும் பக்கத்தைத் திறந்து வைத்தேன். எந்த வேலையும் இல்லாமலே 70, 78, 85 என்று ஏறியது. பயாஸில் பிராசசர் முழுதாக ஓய்வெடுப்பதில்லை. அதனால் விண்டோஸில் காட்டுவதைவிடச் சில டிகிரி கூடத்தான் இருக்கும். அதற்காக நிற்காமல் ஏறிக்கொண்டே போகாது. இந்த வகைப் பிராசசர்கள் 100 டிகிரியை நெருங்கியதும் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அப்படியும் அடங்காவிட்டால் மின்சாரத்தைத் துண்டித்துத் தம்மைக் காப்பாற்றிக்கொள்ளும். மவுஸ் நகராததும் கணினி அணைந்ததும் ஒரே நோயின் இரண்டு கட்டங்கள்.

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினால் ஃபேன் ஜோராகச் சுற்றுகிறது. இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஃபேன் சுற்றுவது வேறு, காற்று உள்ளே போவது வேறு. ஃபேனை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோது, அதற்கும் கீழே இருக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் தூசி, தலைமுடி, துணிப்பிசிறு எல்லாம் சேர்ந்து சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டுபோல் படிந்திருந்தது. நகத்தால் ஓரத்தை நெம்பியதும் வட்டம் கலையாமல் முழுதாகக் கையோடு வந்தது. பூஜை அறைச் சாம்பிராணிப் புகைக்கும் அதில் பங்கு உண்டு என்று நினைக்கிறேன், வாசனை அப்படி.

சுத்தம் செய்து மாட்டியதும் சூடு கொஞ்சம் இறங்கியதே தவிர அடங்கவில்லை. பிராசசரின் மேல் உட்கார்ந்து அதன் சூட்டை இழுக்கும் அந்த அலுமினியத் தகட்டுத் தொகுதியைத்தான் ஹீட் சிங்க் என்பார்கள். அதை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக அசைத்துப் பார்த்தேன். ஒரு மூலை ஆடியது. இன்டெல் பிராசசருடன் வரும் சாதாரண ஹீட் சிங்குக்கு நான்கு பிளாஸ்டிக் கால்கள் உண்டு. அவை மதர்போர்டில் உள்ள துளைகள் வழியே போய்ப் பின்பக்கம் விரிந்து பிடித்துக்கொள்ள வேண்டும். எங்களுடையதில் ஒரு கால் பாதியிலேயே நின்றிருந்தது. அந்த மூலையில் பிராசசருக்கும் ஹீட் சிங்குக்கும் இடையே சரியான தொடர்பே இல்லை. இப்படி இருக்கும்போது எவ்வளவு பெரிய ஃபேன் வாங்கி மாட்டினாலும் வீண்.

மதர்போர்டை வெளியே எடுத்துவிட்டுத்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும். உள்ளே வைத்தே கால்களை அழுத்தினால் மதர்போர்டு வளையும், பின்பக்கத்தையும் பார்க்க முடியாது. காலின் தலையில் உள்ள அம்புக்குறி காட்டும் திசையில் திருப்பினால் கழன்றுவிடும். மாட்டும்போது தலையைப் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டு, எதிரெதிர் மூலைகளாக இரண்டிரண்டு கால்களை அழுத்த வேண்டும். "டக்" என்று சத்தம் கேட்டால் மட்டும் நம்பிவிடாதீர்கள். கவிழ்த்துப் பாருங்கள்: நான்கு இடத்திலும் வெள்ளைக் கொக்கி பிளந்து, நடுவில் கறுப்பு முள் தெரிய வேண்டும்.

பிராசசருக்கும் ஹீட் சிங்குக்கும் இடையே சூட்டைக் கடத்தப் பூசும் பசைதான் தெர்மல் பேஸ்ட். உலர்ந்து பொடியாகியிருந்த பழைய பேஸ்ட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, பிராசசரின் நடுவில் ஒரு சிறு பட்டாணி அளவு புதிய பேஸ்ட் வைத்தேன். ஹீட் சிங்கை அழுத்தும்போது அது தானே பரவிக்கொள்ளும்; தடிமனாகப் பூசினால் பேஸ்ட்டே சூட்டை மறிக்கும். இப்போது சும்மா இருக்கையில் 45 டிகிரி, வேலை செய்கையில் 70 டிகிரியை ஒட்டி நிற்கிறது. அறையே 38 டிகிரியில் இருக்கும் ஊரில் இதைவிடக் குறைய எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. காற்றால் ஆறவைக்கும் எந்தக் கருவியும் அறை வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோகாது.

கோவையிலிருந்து:

ஐயா எழுதியது இன்டெல் வகைக்கு. இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் பிராசசர்களுக்கான ஏஎம்4 வகை மதர்போர்டு வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஹீட் சிங்கை நேராகத் தூக்கிவிட வேண்டாம். அதில் பிராசசரின் அடியில் 1331 பின்கள் (மெல்லிய உலோக ஊசிகள்) இருக்கும். பழைய பேஸ்ட் பசையாக இறுகியிருந்தால், பூட்டு போட்டிருந்தாலும் பிராசசர் தான் உட்காரும் சாக்கெட்டைவிட்டு ஹீட் சிங்கோடு கிளம்பி வந்துவிடும். என் மைத்துனர் வீட்டில் வேலைக்கு வந்தவர் அப்படித்தான் பிடுங்கினார். ஓர் ஓரத்தில் பின்கள் சாய்ந்துவிட்டன. லெட் பென்சிலில் லெட்டை எடுத்துவிட்டு, அதன் நுனிக் குழாயை ஒவ்வொரு பின்னிலும் நுழைத்து நிமிர்த்தினோம். கண் வலி வந்ததுதான் மிச்சம் என்று நினைத்தோம், நல்ல வேளையாகக் கணினி உயிர் பிழைத்தது.

கழற்றுவதற்கு முன் கணினியைச் சிறிது நேரம் வேலை வாங்குங்கள், பேஸ்ட் இளகும். பிறகு மின்சாரத்தை நிறுத்தி, ஹீட் சிங்கை இடமும் வலமுமாக லேசாகத் திருகி விட்டு அதன்பின் தூக்குங்கள்.

இன்னொன்று. ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசைப் பிராசசர்கள் பலவற்றில் கடும் வேலையின்போது 95 டிகிரி காட்டினால் அலற வேண்டியதில்லை. அந்த அளவு வரை போகும்படிதான் அவை வடிவமைக்கப்பட்டுள்ளன. சும்மா இருக்கும்போதே 80ஐத் தாண்டினால்தான் கவலைப்பட வேண்டும்.

மதுரையிலிருந்து:

எங்கள் வீட்டில் பிராசசரைத் தொடவே இல்லை. கணினி மேசையின் கீழ்த்தட்டில், சுவரில் முதுகு ஒட்டியபடி பெட்டி உட்கார்ந்திருந்தது. பின்பக்கம் வெளியேறும் அனல் போக வழியில்லாமல் முன்பக்கமாகவே திரும்ப உள்ளே போய்க்கொண்டிருந்தது. போதாததற்கு அம்மா தைத்துப் போட்ட பூப்போட்ட உறை வேறு! பெட்டியை வெளியே இழுத்துத் தரையில் ஒரு மணை மேல் வைத்ததோடு தொல்லை தீர்ந்தது. உறையை மட்டும் அம்மா விடவில்லை, இரவில் அணைத்த பிறகு போடுகிறார்.

எங்கே கோளாறு என்று தெரியாதவர்களுக்கு ஒரு சோதனை: பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். சூடு நன்றாக இறங்கினால் பெட்டியின் காற்றோட்டத்தில் குறை. இறங்காவிட்டால் ஹீட் சிங்கையும் பேஸ்ட்டையும் பாருங்கள்.

திருச்சியிலிருந்து, மீண்டும்:

மதுரைத் தம்பி சொன்ன சோதனையை முதலில் செய்துவிட்டே ஸ்குரூ டிரைவரை எடுப்பது நல்லது. பேஸ்ட்டை வருடாவருடம் மாற்ற வேண்டுமா என்று தனியாக ஒருவர் கேட்டிருந்தார். தேவையில்லை. சூடு ஏறாதவரை ஹீட் சிங்கைக் கழற்றாதீர்கள்; கழற்றினால் புதிய பேஸ்ட் போடாமல் மாட்டாதீர்கள். ப்ளோயரால் தூசி ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் கெடும். வேலை முடிந்ததும் ஃபேன் ஒயரை மதர்போர்டில் சிபியு ஃபேன் (பிராசசர் ஃபேன்) என்று குறித்த இடத்திலேயே செருகுங்கள். இடம் மாறினால் ஃபேன் சுற்றும், ஆனாலும் பல மதர்போர்டுகள் ஃபேன் இல்லை என்று சொல்லிப் பாதியிலேயே நின்றுவிடும்.