கயிலாய யாத்திரை: அப்பாவுக்கு 68 வயது, இன்னும் காத்திருக்கலாமா?

உறையூர்_மகன்:
அப்பா 2020-இலேயே விண்ணப்பிக்கத் தயாராக இருந்தார். கொரோனா வந்தது, அந்த ஜூனிலேயே கல்வானில் சீனாவோடு மோதல். ஐந்து ஆண்டுகள் யாத்திரையே இல்லை. 2025-இல் மறுபடி தொடங்கியபோது ஐந்தாயிரத்துக்கு மேல் விண்ணப்பங்கள், 750 இடங்கள். குலுக்கலில் அப்பாவின் பெயர் வரவில்லை. வெளியுறவு அமைச்சகம் நடத்தும் யாத்திரைக்கு வயது வரம்பு 70. உத்தராகண்ட் எல்லையில் இருக்கும் லிபுலேக் கணவாய் வழிக்கே காத்திருப்பதா, நேபாளம் வழியாகத் தனியார் ஏற்பாட்டில் அனுப்பிவிடுவதா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

காவிரிக்கரை_வாத்தியார்:
அப்பர் பெருமானையே பாதி வழியில் திருப்பி, திருவையாற்றில் கயிலாயம் காட்டினார் ஈசன். ஆடி அமாவாசைக்கு அப்பாவை அங்கே அழைத்துப் போங்கள். பஸ் டிக்கெட்டோடு முடிந்துவிடும். சீனாக்காரன் முத்திரைக்காக ஒன்றே முக்கால் லட்சம் எதற்கு?

ஐயாறு_தபால்:
வாத்தியாரே, நான் திருவையாற்றுக்காரன். ஆடி அமாவாசைக் காட்சியை ஐம்பது முறையாவது பார்த்திருப்பேன். பார்த்துப் பார்த்துத்தான் அந்த ஆசையே வந்தது.

தம்பி, நான் 2014-இல் லிபுலேக் வழியாகப் போனேன். முதலில் அப்பாவின் எடையைப் பாருங்கள். பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு, 25-ஐத் தாண்டினால் டெல்லியிலேயே நிறுத்திவிடுவார்கள். அதைத் தாண்டினாலும் மலைவழியில் இருக்கும் கூஞ்சி முகாமில் இந்தோ-திபெத் எல்லைப் படை மருத்துவர்கள் மறுபடி சோதிப்பார்கள். எங்களோடு வந்த நாக்பூர்க்காரர் அங்கே ரத்த அழுத்தத்தால் திரும்பினார். கீழே இறங்கும்போது தன் கம்பளிக் கையுறையைக் கழற்றி என்னிடம் தந்தார். அந்தக் கையுறைதான் டோல்மா கணவாயைத் தாண்டிக் கயிலாயத்தைச் சுற்றியது.

டெல்லியில் எங்களுக்குள் உணவுக் குழு, பணக் குழு, மூட்டைக் குழு என்று பிரித்துக்கொண்டோம். முப்பத்தாறு ஆண்டுகள் தபால் பை எண்ணியவன் என்று தெரிந்ததும் மூட்டைக் குழு என் தலையில் விழுந்தது. குஜராத்தி வியாபாரி, மைசூர் ஆசிரியை, ராஞ்சி என்ஜினீயர் எல்லாருடைய மூட்டையையும் எண்ணினேன். ஊரில் பக்கத்துத் தெருக்காரர் பெயர் எனக்குத் தெரியாது. இவர்கள் யாருக்கு எந்த மாத்திரை என்பதுவரை தெரியும்.

லிபுலேக்கை மறக்க முடியாது. கணவாய்க்கு முந்தைய முகாமான நாபிடாங்கிலிருந்து இருட்டில் கிளம்பி, விடியலில் 5,000 மீட்டருக்கு மேலே நின்றோம். எதிர்ப்பக்கத்திலிருந்து தரிசனம் முடித்த குழு ஏறி வந்தது. நம் அதிகாரிகள் எங்களைச் சீனர்களிடம் கொடுத்து அவர்களை வாங்கிக்கொண்டார்கள், பதிவுத் தபால் கைமாறுவதுபோலத் தலை எண்ணி. கடிகாரத்தை இரண்டரை மணி முன்னே தள்ளினோம். என் குதிரைக்காரர் அந்தக் கோட்டைத் தாண்ட முடியாது. அவருடைய தாத்தா 1962-க்கு முன் தானியம் ஏற்றிக்கொண்டு திபெத்தின் தக்லாகோட் சந்தைக்குப் போய், உப்பும் கம்பளியுமாகத் திரும்பிய வழி அது. பேரன் ஒரு பாறையில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்.

காவிரிக்கரை_வாத்தியார்:
மனிதர்கள் நெருங்கினார்கள், சரி. நாடுகள் நெருங்கினவா? 2017-இல் டோக்லாமில் சீனாவோடு தகராறு வந்ததும் சிக்கிமின் நாதுலா வழியை மூடி யாத்திரிகர்களைத் திருப்பி அனுப்பவில்லையா?

ஐயாறு_தபால்:
அனுப்பினார்கள். யாத்திரையால் நட்பு வளர்ந்தது என்று நான் எங்கே சொன்னேன்? 1954 இந்திய-சீன ஒப்பந்தத்தில் கயிலாயத்துக்கும் மானசரோவருக்கும் போகலாம் என்று தனியாகவே எழுதி வைத்தார்கள். 1962-இல் அது காலாவதியானது, போரும் வந்தது. 1981-இல் யாத்திரிகர்களை விட்டார்கள். அதே லிபுலேக்கில் வியாபாரிகளை விட 1992 ஆயிற்று. 2025-இலும் ஜூனில் யாத்திரை, இரு நாட்டுக்கும் இடையே நேரடி விமானம் அக்டோபரில். சமாதானப் பேச்சில் முதலில் விட்டுக்கொடுக்க மலிவான சரக்கு நாம்தான். எனக்கு அதில் வருத்தமில்லை, போய் வந்துவிட்டேன் அல்லவா!

நடுவில் நேபாளமும் இருக்கிறது. 2020 மே மாதம் லிபுலேக் சாலையை இந்தியா திறந்ததும், அந்த நிலம் தங்களுடையது என்று காத்மாண்டு கொதித்தது. அந்தச் சாலையால் நாங்கள் நாள்கணக்கில் ஏறிய வழியில் இன்று ஜீப் ஓடுகிறது. காலா என்ற முகாமைத் தாண்டியதும் நாங்கள் இறங்கிய 4,444 படிகள் உங்கள் அப்பாவுக்கு இல்லை.

என் யோசனை: 2026-க்கும் 2027-க்கும் விண்ணப்பியுங்கள், லிபுலேக், நாதுலா இரண்டு வழிகளையும் குறிப்பிடுங்கள். நேபாள வழியும் சீன அனுமதியை நம்பியதுதான்; அதோடு அவசரமாக உயரம் ஏற்றிவிடுவார்கள். 68 வயதில் மூச்சுத்திணறலுக்கு அது போதும்.

உறையூர்_மகன்:
நன்றி ஐயா. அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கையுறை வரும் இடத்தில் கண்ணைத் துடைத்தார். எடை என்றதும் வெற்றிலைப் பெட்டியைத் தேடிக்கொண்டு எழுந்துவிட்டார். ஐந்தடி நான்கு அங்குலம், 74 கிலோ.

ஐயாறு_தபால்:
எட்டுக் கிலோ குறைய வேண்டும். ஏப்ரல் வரை நேரம் இருக்கிறது. பக்கத்தில்தானே மலைக்கோட்டை, தினமும் உச்சிப்பிள்ளையாரைப் பார்க்கச் சொல்லுங்கள். திரும்பும்போது கீழே நெய் ரோஸ்ட் கூடாது.