மங்கல், தணிப்பு, தணிவு: மீட்டர் விளக்குக்கு எந்தச் சொல்?

அன்புள்ள குழுவினருக்கு,

கார் மீட்டரின் விளக்கு இருட்டில் தானாக ஒளி குறைவதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று போன வாரம் கேட்டிருந்தேன். ஐ.டி.ஐ. மாணவர்களுக்காக எழுதிவரும் பழுதறிதல் கையேட்டில் அந்த ஓர் அத்தியாயம் தலைப்பில்லாமல் நிற்கிறது. வந்த விடைகளில் பெரும்பாலானவை ‘தானியங்கி மங்கலாக்கம்’ என்பதையோ அதன் உறவுகளையோ சொல்லின. உழைத்து எழுதியவர்களுக்கு நன்றி. ஆனால் எனக்கு அது வேண்டாம். இலக்கணமோ ஓசையோ காரணம் இல்லை. அந்த ‘மங்கல்’ என்ற சொல் ஒரு மாணவனின் அரை நாளை என் கண்முன்னே விழுங்கியது.

பகலில் மீட்டர் தெரியவில்லை என்று ஒரு வண்டி வந்தது. வெயிலில் முள்ளும் எண்ணும் கண்ணுக்குப் பிடிபடவில்லை. பையன் ஜாப் கார்டில் ‘மீட்டர் விளக்கு மங்கல்’ என்று எழுதினான். எழுதிய கையோடு அவன் மனமும் பழுதைத் தேடப் போய்விட்டது. பாட்டரியைப் பார்த்தான், 12.6 வோல்ட். இஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தான், 14 வோல்ட்டைத் தாண்டியது. ஓடும்போது பாட்டரிக்கு மின்னூட்டம் தரும் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது. இஞ்சினை நிறுத்திவிட்டு விளக்குக்குப் போகும் வயரில் மல்ட்டிமீட்டரின் முனையை வைத்தான். 2.4 வோல்ட் காட்டியது. பையனுக்குப் புதையல் கிடைத்த மகிழ்ச்சி. வழியில் எங்கோ வோல்டேஜ் விழுகிறது என்று முடிவுகட்டி, டேஷ்போர்டின் கீழ்மூடியைக் கழற்றி ஒவ்வொரு கனெக்டராகப் பிரித்தான்.

எதுவும் விழவில்லை. இக்காலத்து எல்.இ.டி. விளக்கின் ஒளியை வோல்டேஜைக் குறைத்துக் குறைப்பதில்லை. நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை விளக்கை ஏற்றி ஏற்றி அணைப்பார்கள். நூறு பங்கு நேரத்தில் இருபது பங்கு எரிந்து எண்பது பங்கு அணைந்திருந்தால், கண்ணுக்கு அது இதமான சிறு வெளிச்சம். மல்ட்டிமீட்டருக்கோ சராசரிதான் தெரியும். 12 வோல்ட்டில் இருபது விழுக்காடு, 2.4. வோல்டேஜ் நொடிக்குள் ஏறி இறங்குவதைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பை வைத்திருந்தால் 12 வோல்ட் முழுதாக எழுந்தெழுந்து விழுவது தெரிந்திருக்கும். (இப்படி ஏற்றி ஏற்றி அணைப்பதற்குத் ‘துடிப்பகலப் பண்பேற்றம்’ என்று ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. துல்லியமான சொல்தான். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு அதைச் சொல்லிப் பார்த்தவர்கள் நம் குழுவில் எத்தனை பேர் என்று தெரியவில்லை.)

விளக்கு கெடவில்லை; சொன்ன வேலையைச் செய்துகொண்டிருந்தது. டேஷ்போர்டின் மேல், முன்கண்ணாடிக்கு அருகே, கருநிறத்தில் கொட்டைப்பாக்கை விடச் சிறிய ஒரு குமிழ் இருக்கும். அதுதான் ஒளியுணரி. அதன்மேல் உரிமையாளர் ஒரு பிள்ளையாரை இருபக்கப் பசைநாடாவால் ஒட்டியிருந்தார். குமிழுக்கு இருட்டு, ஆகவே வண்டிக்கு இரவு. முகப்பு விளக்கும்கூடத் தானே எரிந்துகொண்டிருந்தது. உச்சி வெயிலில் அதை யாரும் கவனிக்கவில்லை. பிள்ளையாரை நான்கு விரற்கடை தள்ளி வைத்ததும் மீட்டர் பளிச்சென்று ஆனது. அதற்கு உரிமையாளர் நல்ல நேரம் பார்க்கவேண்டும் என்றார், காத்திருந்தோம்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். ‘மங்கல்’ என்றால் தமிழ்க் காதில் அது குறை. பார்வை மங்கும், புகழ் மங்கும், பழைய புகைப்படம் மங்கும். யாரும் வேண்டுமென்று எதையும் மங்கவைப்பதில்லை. எர்த் தளர்ந்து, இண்டிகேட்டர் போடும்போதெல்லாம் மீட்டர் விளக்கு துடித்துச் சோர்வது மங்கல். ஆல்டர்னேட்டர் மின்னூட்டம் தராமல் பாட்டரி இறங்க இறங்க எல்லா விளக்கும் ஒன்றாகச் சோர்வதும் மங்கல். வடிவமைத்தவன் வேண்டுமென்றே குறைத்த ஒளிக்கும் அதே பெயரை வைத்தால், பையன் ஆரோக்கியமான வயரை அறுத்துக்கொண்டுதான் இருப்பான். மற்றொரு சங்கடமும் உண்டு. ‘மங்கல் விளக்கு’ என்று எழுதினால் அச்சகத்தில் யாராவது ஒரு நல்லவர் புள்ளியை எடுத்து ‘மங்கல விளக்கு’ ஆக்கிவிடுவார்.

‘டிம்’ என்றே வைத்துக்கொள்ளலாமே என்று ஒருவர் எழுதியிருந்தார். கடன்சொல்லுக்கு நான் பகைவன் அல்லன். மேலே எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஆனால் நம் ஓட்டுநர்களிடம் ‘டிம்’ ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. எதிரே வண்டி வந்தால் ‘டிம் போடு’ என்பார்கள். அது முகப்பு விளக்கின் ஒளிக்கற்றையை மேலிருந்து கீழே இறக்குவது, தமிழில் தாழ்த்துதல். போதாக்குறைக்கு, பின்னால் வருபவரின் விளக்கு கண்ணைக் கூசும்போது தானே கருக்கும் உட்புறக் கண்ணாடிக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். அங்கே எந்த விளக்கின் ஒளியும் குறைவதில்லை. கண்ணாடிக்குள் இருக்கும் வேதிப்பொருள் மின்சாரம் பட்டுக் கருத்து, திருப்பி அனுப்பும் ஒளியைக் குறைக்கிறது. ஆங்கிலம் மூன்று வேலைக்கு ஒரே சொல்லை வைத்துச் சமாளிக்கிறது. நாம் தாழ்த்தல், கருத்தல் என்று இரண்டைப் பிரித்துவிட்டால், மிச்சம் இருப்பது மீட்டர் விளக்கு.

அதற்கு என் முன்மொழிவு ‘தணி’. மின்சாரம் வராத காலத்தில் எங்கள் வீட்டில் படுக்கப்போகும்முன் ‘லாந்தரைத் தணித்து வை’ என்பார் பாட்டி. அணைத்துவிடு என்று பொருள் அல்ல. நடுராத்திரி எழுந்தால் வழி தெரியும் அளவுக்குத் திரியை இறக்கு என்று பொருள். இரவில் ஓட்டுகிறவனுக்கு வேண்டியதும் அதுதான். கண் இருளுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். எதிரே ஒரு பலகை பளபளவென்று எரிந்தால் அந்தப் பழக்கம் கெட்டு, சாலையோரம் நடப்பவர் கண்ணில் படமாட்டார்.

இந்தச் சொல்லில் இன்னொரு வசதி. தணிகிறது, தணிக்கிறது என்று தன்வினையும் பிறவினையும் இதற்கு உண்டு. பெயராக்கினால் தணிவு, தணிப்பு. ஸ்டீயரிங் அருகே உள்ள சிறு உருளையைக் கையால் உருட்டி ஒளியைக் குறைப்பது தணிப்பு. ஒளியுணரியைப் பார்த்து வண்டியே குறைத்துக்கொள்வது தணிவு. ‘தானியங்கி’ என்ற ஐந்தெழுத்துச் சுமை எதற்கு? அந்த வேலையைத் தமிழின் வினையே செய்துவிடுகிறது. முருகன் சினம் தணிந்த இடம் தணிகை என்பார்கள். யாரும் வந்து தணித்ததாகக் கதை இல்லை.

ஆக, கெட்டால் மங்கல், கையால் தணிப்பு, தானே தணிவு. இந்த மூன்றையும் வைத்து அத்தியாயத்தைத் தொடங்கிவிட்டேன். முதல் பத்தி இப்படிப் போகிறது:

‘விளக்கு மங்கலா, தணிந்திருக்கிறதா என்பதை முதலில் தீர்மானி. உணரியின்மேல் பொம்மை, துணிவிரிப்பு, சுங்கச்சாவடிச் சீட்டு ஏதேனும் கிடக்கிறதா என்று பார். கைப்பேசி டார்ச்சை உணரிக்கு நேராகச் சில நொடி பிடி; ஒளி ஏறினால் உணரி நலம். மரநிழலுக்கெல்லாம் துடிக்காதிருக்க வண்டி சற்றுத் தயங்கித்தான் மாறும், அவசரப்படாதே. உணரி இல்லாத வண்டியில், பார்க்கிங் விளக்கைப் போட்டதும் மீட்டர் தணியும். மழைப்பகலில் விளக்கோடு ஓட்டுபவர் இதைப் பழுது என்று கொண்டுவருவார். உருளையை மேல்கோடிவரை உருட்டிக் காட்டி அனுப்பு. சில வண்டிகளில் கோடியில் ஒரு சிறு சொடுக்கு கேட்கும், அதைத் தாண்டினால் தணிப்பு விலகிவிடும். மீட்டர் விளக்கு அடியோடு எரியவில்லையானால் வண்டிக்குப் பின்னால் போ. பல வண்டிகளில் பின்விளக்கும் இதுவும் ஒரே ஃப்யூஸில் இருக்கின்றன.’

குறைகளைச் சொல்லுங்கள்.

மதுரையிலிருந்து, அன்புடன்.

* * *

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு வணக்கம்.

‘தணி’ யாழ்ப்பாணத்துக் காதுக்கும் ஒத்துவருகிறது. எங்கள் பக்கம் விளக்கை அணைப்பதை நூர்த்தல் என்போம். தானே அணைந்தால் நூர்ந்துபோயிற்று என்போம். நூர்த்தலுக்கும் தணித்தலுக்கும் நடுவே குழப்பம் வராது. மங்கலை ஒதுக்கியதும் சரியே.

ஆனால் தணிவு, தணிப்பு என்ற இரட்டையில் ஒரு வழுக்கல் இருக்கிறது. ‘விலைக் குறைப்பு’ என்றால் ஒருவர் செய்த செயல். ‘விலைக் குறைவு’ என்றால் தானாகக் குறைந்தது என்றா புரிந்துகொள்கிறோம்? விலை குறைவாக இருக்கிறது என்ற நிலையைத்தான் புரிந்துகொள்கிறோம். ‘ஒளித்தணிவு’ என்று எழுதினாலும் மாணவர் ஒளி கம்மியாக உள்ள நிலை என்றுதான் எடுத்துக்கொள்வார். இலக்கணம் உங்களிடம் இருக்கிறது. வழக்கு உங்களிடம் இல்லை.

இன்னொன்று. அந்த உணரி இரவில் குறைப்பதோடு நிற்பதில்லையே. வெயில் ஏறினால் ஒளியை ஏற்றுகிறது. பாதி வேலைக்கு மட்டும் பெயர் வைத்துவிட்டு மீதிப் பாதியை என்ன செய்யப்போகிறீர்கள்? ஆங்கிலப் பெயர் இரவை மட்டும் பார்த்து வைக்கப்பட்டது. நாமும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போகவேண்டுமா?

* * *

அம்மா,

இரண்டு அடியும் சரியான இடத்தில் விழுந்திருக்கின்றன. முதலாவதற்கு என்னால் பாதி மறுமொழிதான் சொல்ல முடியும். ‘குறைவு’ நிலையாக உறைந்துவிட்டது, உண்மை. ‘தெளிவு’ம் அப்படித்தான். ஆனால் சரிவு, உயர்வு, விரிவு இவற்றில் நிகழ்வும் இருக்கிறது. ‘பங்குச்சந்தைச் சரிவு’ என்றால் யாரோ தள்ளினார்கள் என்றும் எண்ணமாட்டோம், சந்தை சாய்ந்த நிலையில் நிற்கிறது என்றும் எண்ணமாட்டோம். ‘தணிவு’ எந்தப் பக்கம் சாயும் என்பதை வழக்குத்தான் முடிவுசெய்யவேண்டும். பெயர்ச்சொல்லை வற்புறுத்தாமல் கையேட்டில் வினையாகவே எழுதிவிட்டால் உங்கள் வழுக்கலில் கால் வைக்கவேண்டியதில்லை: ‘விளக்கு தணிகிறது’, ‘விளக்கைத் தணிக்கிறோம்’. மேலே நான் அனுப்பிய பத்தியிலும், யோசிக்காமலே, தணிவு என்ற பெயர் ஓர் இடத்திலும் வரவில்லை. உங்கள் கடிதம் வந்த பிறகுதான் பார்த்தேன்.

இரண்டாவதுக்கு மறுமொழியே இல்லை. நீங்கள் சொல்வதுதான் பொறியியல். உணரி அளப்பது வெளிச்சத்தை. இருட்டு அதன் ஒரு முனை மட்டும். திரியை ஏற்றுவதற்குத் ‘தூண்டு’ என்ற அருமையான சொல் இருக்கிறது. வேதாரண்யம் கோயிலில் தெரியாமல் திரியைத் தூண்டிய எலி மறுபிறப்பில் மகாபலியானது என்ற கதையும், எண்ணெய் தானே சொட்டி எரியும் தூண்டாமணி விளக்கும் இருக்கின்றன. தானியங்கி விளக்குக்கு நம்மவர் வைத்த பெயரே ‘தூண்டாத’ விளக்கு என்பது! ஆனால் ‘தூண்டல்’ என்று எழுதினால் மின்தூண்டலைப் படித்த மாணவன் காந்தப்புலத்தைத் தேடிப் போவான். மின்துறைக்காரனுக்கு அந்தச் சொல் கைவிட்டுப் போய்விட்டது. ஒளி ஏறுகிறது, இறங்குகிறது என்று எளிய சொல்லில் விட்டுவிடுகிறேன்.

ஏற்றம், இறக்கம் இரண்டையும் சேர்த்து அந்த அமைப்புக்கு ஒரு பெயர் வேண்டும். ‘ஒளியிசைவு’ என்று வைத்துப் பார்த்தேன். வெளியொளிக்கு உள்ளொளி இசைகிறது. (‘உள்ளொளி’ என்று எழுதியதும் வள்ளலார் நினைவு வருகிறது, ஆகவே கையேட்டில் ‘பின்னொளி’.) ஒளியிசைவு இருக்கும் வண்டி, ஒளியிசைவு இல்லாத வண்டி, ஒளியிசைவு உணரி என்று இலகுவாக ஒட்டுகிறது.

நேற்று பட்டறையில் பழைய வண்டி ஒன்றின் வழியாக இதைச் சோதித்தேன். அதில் உணரி கிடையாது. கம்பி சுற்றிய மின்தடைதான், திருகினால் சூடாகும் வகை. உரிமையாளர் மீட்டரின் இழைபல்புகளை எடுத்துவிட்டு எல்.இ.டி. மாட்டியிருந்தார். திருகியும் ஒளி குறையவில்லை, இரண்டு பல்பு எரியவே இல்லை. அதே பையனிடம் கொடுத்தேன். ஜாப் கார்டில் அவன் எழுதியது: ‘ஒளியிசைவு இல்லாத வண்டி. மங்கல் இல்லை. தணிக்க முடியவில்லை. பல்பு மாற்றியதால்.’ சரியாகக் கண்டுபிடித்துவிட்டான். எல்.இ.டி. எடுக்கும் மின்னோட்டம் மிகச் சிறிது. அந்தத் தடையில் விழும் வோல்டேஜும் அதனால் சொற்பம். எரியாத இரண்டையும் கழற்றித் திருப்பி மாட்டினான், எரிந்தன. எல்.இ.டி.க்கு நேர், எதிர் முனை பார்க்கவேண்டும், இழைபல்புக்கு வேண்டாம்.

கையால் உருட்டும் அந்த உருளைக்குத்தான் இன்னும் பெயர் இல்லை. பையன்கள் ‘ரோலர்’ என்கிறார்கள். எனக்குச் சாலை போடும் எந்திரம்தான் கண்முன் வருகிறது. ‘தணிப்புருளை’ என்றால் நாக்கு தடுக்குகிறது. லாந்தரில் திரியை ஏற்றி இறக்கும் சிறு திருகுக்கு உங்கள் ஊரில் ஏதாவது பெயர் உண்டா, அம்மா? இருந்தால் எழுதுங்கள். அத்தியாயம் அச்சுக்குப் போக இன்னும் பத்து நாள் இருக்கிறது.